முழுக் கோப்பு வேண்டாம், மாதிரி போதும்

என் வயதை ஒத்தவர்கள் இப்போது சங்கத் தீர்மானம், குடும்ப வரலாறு, பென்ஷன் மனு, உயில் என்று எல்லாவற்றையும் வேர்டில்தான் தட்டுகிறோம். தட்டுவது பழகிவிட்டது. கோளாறு வரும்போது உதவி கேட்பதுதான் இன்னும் பழகவில்லை என்பது என் அபிப்பிராயம்.

உதவி கேட்பவர்களில் இரண்டு வகை உண்டு. "எழுத்தெல்லாம் கலைஞ்சு போச்சு, என்ன செய்ய?" என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி எழுதி, திரையைச் சாய்வாகப் போட்டோ பிடித்து அனுப்புகிறவர்கள் ஒரு வகை. கோப்பை அப்படியே முழுசாக அனுப்பிவிடுகிறவர்கள் இன்னொரு வகை. முதல் வகைக்கு உதவி கிடைக்காது. இரண்டாம் வகைக்கு உதவியோடு சில சமயம் வம்பும் வந்து சேரும்.

போட்டோ ஏன் போதாது என்பதற்கு நம் புதுச்சேரியிலேயே உதாரணம் இருக்கிறது. பிறப்பு, திருமணப் பதிவுகள் பிரெஞ்சில் உள்ள குடும்பங்கள் பிரெஞ்சையும் தமிழையும் ஒரே பக்கத்தில் தட்ட வேண்டியிருக்கும். யூனிகோடுக்கு முந்தைய டிஸ்கி போன்ற முறைகளில், மொத்தமுள்ள 256 இடங்களில் பின்பாதியான 128 இடங்களில் தமிழ் எழுத்துகளை வைத்திருந்தார்கள். பிரெஞ்சின் அக்சான் போட்ட எழுத்துகளுக்கும் வழக்கமாக அதே பின்பாதிதான் இடம். ஆகவே பத்தி முழுவதற்கும் அந்தத் தமிழ் எழுத்துருவைக் கொடுத்தால், பிரெஞ்சுப் பெயரின் நடுவில் ஒரு தமிழ் எழுத்து வந்து உட்காரும். எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால், தமிழ் முழுவதும் அக்சான் எழுத்துகளாகச் சிதறும். பாமினியில் தட்டியதோ ஆங்கில எழுத்துகளாகத் தெரியும். போட்டோவில் பார்க்கிறவருக்கு எல்லாமே குப்பைதான். கோப்பு கையில் இருந்தால், அந்தச் சொல்லின் மேல் கர்சரை வைத்த உடனே எழுத்துருவின் பெயர் மேலே தெரிந்துவிடும். அரை நிமிட வேலை.

அப்படியானால் கோப்பையே அனுப்பிவிடலாமே என்பீர்கள். என் நண்பர் ஒருவர் அப்படித்தான் செய்தார். உயிலில் பக்க எண் நடுவில் மறுபடி 1 என்று ஆரம்பித்தது. முழு உயிலையும் ஒரு டைப்பிங் கடையின் வாட்ஸ்அப் எண்ணுக்கு அனுப்பினார். பக்க எண் சரியானது. ஆனால் எந்தப் பிள்ளைக்கு எந்த வீடு என்பது இரண்டே நாளில் தெருவில் பேச்சாகிவிட்டது. மூத்த மகன் இன்றுவரை அந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை.

"நாம என்ன ராணுவ ரகசியமா எழுதறோம்?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். வங்கிக் கணக்கு எண், ஆதார் எண், பேத்தியின் பிறந்த தேதி, சம்பந்தியின் முகவரி எல்லாம் நம் கோப்புகளில் இருக்கின்றன. அவற்றில் பாதி நம்முடையவை அல்ல. அவற்றைப் பிறரிடம் கொடுக்க நமக்கு உரிமையும் இல்லை.

கண்ணுக்குத் தெரியாததும் கோப்போடு போகும். 2003இல் பிரிட்டிஷ் அரசு ஈராக் பற்றிய ஓர் ஆவணத்தை வேர்ட் கோப்பாகவே வெளியிட்டது. அதைத் திருத்திச் சேமித்தவர்களின் பெயர்கள் உள்ளே பதிவாகியிருந்ததை வெளியாட்கள் படித்துவிட்டார்கள். ஓர் அரசாங்கத்துக்கே இந்த நிலை.

ஆபீசில் எழுத்தர்களுக்கு இரண்டு விதிகள் உண்டு. கோப்பைப் பார்க்காமல் குறிப்பு எழுதக் கூடாது. மூலக் கோப்பை வெளியே விடக் கூடாது, கேட்ட பக்கத்தின் நகல் மட்டுமே போக வேண்டும். இரண்டையும் சேர்த்தால் கிடைப்பதுதான் மாதிரிக் கோப்பு. பிரெஞ்சுப் பள்ளியில் எங்களுக்குப் 'புருயோன்' என்று ஒரு கிறுக்கல் நோட்டு இருந்தது. அதில் எழுதிப் பார்த்து, அடித்துத் திருத்திய பிறகுதான் நல்ல நோட்டுக்குப் போவோம். மாதிரிக் கோப்பும் ஒரு புருயோன்தான். அதில் யார் எதை அடித்தாலும் மூலத்துக்குச் சேதமில்லை.

செய்வது சுலபம். கோப்பை வேறு பெயரில் சேமியுங்கள். 'ட்ராக் சேஞ்சஸ்' ஓடிக்கொண்டிருந்தால் நிறுத்தி, பழைய திருத்தங்களை ஏற்றுக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் அழித்ததெல்லாம் உள்ளேயே இருக்கும். பிறகு கோளாறுள்ள பக்கத்தையும் அதற்கு முன்பின் பக்கங்களையும் வைத்துக்கொண்டு மற்றதை நீக்குங்கள். முன்பின் பக்கம் எதற்கு என்றால், பக்க எண்ணும் தலைப்பும் பெரும்பாலும் 'செக்‌ஷன் பிரேக்' என்ற பிரிப்பில் தொங்குகின்றன. அது போனால் கோளாறும் மறைந்துபோகலாம்.

எண்களை மாற்ற, தேடும் கட்டத்தில் ^# என்றும் மாற்றும் கட்டத்தில் 0 என்றும் இட்டால் இலக்கம் எல்லாம் பூஜ்யமாகும். பெயர்களுக்குப் பதிலாக அதே நீளத்தில் வேறு பெயர் போடுங்கள். அக்சான் எழுத்துதான் பிரச்சினை என்றால் அது உள்ள பெயராகவே போட வேண்டும். கறுப்புப் பட்டை பூசுவது மறைப்பதாகாது. பட்டைக்கு அடியில் எழுத்து அப்படியே இருக்கும். வெட்டிய படத்தின் வெட்டுப்பட்ட பகுதியும் கோப்பில் தங்கியிருக்கும். கடைசியாக, 'இன்ஸ்பெக்ட் டாக்குமெண்ட்' என்ற வசதியால் பெயர், குறிப்புரைகளை அகற்றலாம். இத்தனைக்கும் பிறகு அந்தக் கோளாறு இன்னும் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், நீக்கிய பகுதியில்தான் காரணம் இருக்கிறது. பாதிக்கு மேல் சிக்கல்கள் இப்படித் தேடும்போதே பிடிபட்டுவிடுகின்றன.

கூடவே நான்கு வரி எழுதுங்கள்: வேர்டா லிப்ரே ஆபிஸா, எந்த எழுத்துரு, நீங்கள் என்ன எதிர்பார்த்தீர்கள், என்ன வந்தது. முடிந்தால் உங்கள் பக்கத்தில் எப்படித் தெரிகிறது என்று காட்ட மாதிரியின் பிடிஎஃபையும் சேருங்கள்.

தெரியாததைக் காட்டிக்கொள்ளக் கூச்சப்பட்டு, நாற்பது பக்கத்தை மறுபடி முதலிலிருந்து தட்டுகிறவர்களும் நம்மிடையே உண்டு. இந்த வயதில் அந்த உழைப்பு வீண். கேட்பதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை. உதவுகிற பையனுக்கு வேலையும் சம்சாரமும் இருக்கிறது. மூன்று பக்க மாதிரி அவன் நேரத்துக்கு நாம் கொடுக்கிற மரியாதை. வீட்டு விஷயம் வீட்டோடு நிற்பது நமக்கு லாபம்.