கோல் காத்தவருக்கு எந்தக் கணக்கில் பரிசு?



ஆராதனை முடிந்து தேநீர் குடிக்கும் நேரத்தில் நம் பிள்ளைகள் கால்பந்தைப் பற்றித்தான் பேசுவார்கள் என்று பெரியவர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறோம். குளிர்காலம் வந்தால் பேச்சு ஐஸ் ஹாக்கிக்குத் தாவிவிடுகிறது. அதில் ஒரு வழக்கு இன்னும் தீரவில்லை. வட அமெரிக்காவின் தேசிய ஹாக்கி லீகில் அந்த ஆண்டின் சிறந்த கோல்கீப்பருக்குக் கொடுக்கும் வெசினா கோப்பை, 2021-ல் நம்ம ரோசன்ஹைம்காரர் ஃபிலிப் குரூபாவருக்குப் போயிருக்க வேண்டுமா, இல்லையா? கடைசி மூவரில் ஒருவராக வந்தும் அவருக்குக் கிடைக்கவில்லை. லாஸ் வேகஸ் அணியின் மார்க்-ஆந்த்ரே ஃப்ளூரி வாங்கிக்கொண்டு போனார். "ஜெர்மன்காரர் என்பதால்தான் ஒதுக்கிவிட்டார்கள்" என்று ஒரு கட்சி. "சரியான ஆளுக்குத்தான் கொடுத்தார்கள்" என்று இன்னொரு கட்சி.

நாங்கள் இந்த நாட்டு மருத்துவமனைகளில் வேலை பார்க்கும் நர்சுகள். எண்களைக் குறித்து வைப்பதும், அந்த எண் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்று பார்ப்பதும் எங்கள் அன்றாட வேலை. அதனால் இந்த வழக்கில் எங்கள் கருத்தையும் எழுதுகிறோம். கோப்பை ஃப்ளூரிக்குப் போனது சரி என்பதே எங்கள் தீர்ப்பு. அதற்கான காரணம் நம் சபையின் பரிசளிப்பு விழா வரைக்கும் வருகிறது.

ஆட்டம் தெரியாத அம்மா அப்பாக்களுக்கு முதலில் இரண்டு வார்த்தை. பனித்தளத்தில் ஒரு அணிக்கு ஆறு பேர், அவர்களில் ஒருவர் கோல்கீப்பர். அவர் காக்கும் கோல் 1.83 மீட்டர் அகலம், 1.22 மீட்டர் உயரம். 'பக்' என்கிற கெட்டி ரப்பர் வில்லை அதற்குள் போகாமல் தடுக்க வேண்டும். சீசன் முடியும்போது அவர் பெயருக்கு நேரே நான்கு எண்கள் நிற்கும்: ஜெயித்த ஆட்டங்கள், ஆட்டத்துக்குச் சராசரியாக விட்ட கோல்கள், ஒரு கோலும் விடாத ஆட்டங்கள், தன்னை நோக்கி வந்த அடிகளில் தடுத்த பங்கு.

கொரோனாவால் 56 ஆட்டங்களாகக் குறைக்கப்பட்ட 2020-21 சீசனில், கொலராடோ அணிக்கு ஆடிய குரூபாவர் 30 ஆட்டங்களை ஜெயித்தார். ஆட்டத்துக்கு 1.95 கோல் விட்டார். 7 ஆட்டங்களில் ஒரு கோலும் விடவில்லை. ஃப்ளூரியின் கணக்கு 26 வெற்றி, 1.98 கோல், கோல் விடாத ஆட்டங்கள் 6. மூன்றிலும் நம்ம ஆள்தான் முன்னே. நான்காவது கணக்கில் மட்டும் நிலைமை மாறுகிறது. குரூபாவர் 1000 அடிகளுக்கு 922 என்ற வீதத்தில் தடுத்தார், ஃப்ளூரி 928.

மூன்றில் ஜெயித்தவரை விட்டுவிட்டு ஒன்றில் ஜெயித்தவருக்குக் கொடுப்பது நியாயமா என்று தம்பிமார் கேட்கிறார்கள். நல்ல கேள்வி. அந்த மூன்று எண்களும் யாருடையவை என்று பாருங்கள். வெற்றி என்பது கோல் போட்டவர்களுக்கும் சொந்தம். அந்த ஆண்டு கொலராடோ, லீகிலேயே மிகக் குறைவாக, ஆட்டத்துக்கு 25.4 அடிகள் மட்டுமே எதிரணிக்கு விட்டுக்கொடுத்தது. குரூபாவரின் முன்னால் அவ்வளவு நல்ல தடுப்பு இருந்தது. அதே குரூபாவர், அதே திறமையோடு, ஆட்டத்துக்கு 30 அடிகளைச் சந்தித்திருந்தால் அவருடைய 1.95 கிட்டத்தட்ட 2.34 ஆகியிருக்கும். நான்கு எண்களில் கோல்கீப்பரின் சொந்தக் கைக்கு மிக அருகில் இருப்பது நான்காவதுதான். அதில் ஃப்ளூரி முன்னே நின்றார்.

டம்பா பே அணியின் ஆந்த்ரே வாசிலெவ்ஸ்கி மூன்றாவது ஆள். 56-ல் 42 ஆட்டங்களைச் சுமந்து 31-ல் ஜெயித்தவர். சுமைதான் அளவுகோல் என்று சொல்பவர்கள் அவரைச் சொல்லலாம், அதை நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் அவர் தடுத்த வீதம் 925. ஃப்ளூரியோ 36 வயதில், முந்தைய ஆண்டு தன் முதல் இடத்தை இளைய கோல்கீப்பரிடம் இழந்தவர். அந்த இளையவர் காயப்பட்டபோது மறுபடி அழைக்கப்பட்டு, இந்த எண்ணிக்கையோடு சீசனை முடித்தார். மூவரில் எங்கள் ஓட்டு அவருக்கே.

"ஜெர்மன்காரர் என்பதால்" என்ற பேச்சை இத்தோடு விட்டுவிடுவது நல்லது. 2000-ஆம் ஆண்டு இதே கோப்பையை வாஷிங்டன் அணியின் ஓலாஃப் கோல்சிக் வாங்கினார். ஜோகன்னஸ்பர்க்கில் ஜெர்மன் பெற்றோருக்குப் பிறந்து, கனடாவில் வளர்ந்து, ஜெர்மனியின் தேசிய அணிக்கு ஆடியவர். அந்த சீசனில் அவர் 73 ஆட்டங்கள் ஆடி 41-ல் ஜெயித்தார். பாஸ்போர்ட்டைப் பார்த்திருந்தால் அவருக்கும் கிடைத்திருக்காது.

குரூபாவரின் அடுத்த வருடம் எங்கள் வாதத்துக்கு வலு சேர்க்கிறது. அவர் புதிதாகத் தொடங்கிய சியாட்டில் அணிக்குப் போனார். தடுத்த வீதம் 1000-க்கு 889 ஆக இறங்கியது. விட்ட கோல்கள் ஆட்டத்துக்கு 3.16 ஆக ஏறின. வீழ்ச்சி முழுவதற்கும் அணியைக் குற்றம் சொல்ல முடியாது, அவர் ஆட்டமும் தளர்ந்திருந்தது. ஆனால் ஒரு மனிதர் ஒரே கோடை விடுமுறையில் அவ்வளவு தூரம் கெட்டுப்போய்விடுவதும் இல்லை. 2023 ஏப்ரல் 30 அன்று, பிளே-ஆஃப் முதல் சுற்றின் ஏழாவது ஆட்டத்தில், தன் பழைய கொலராடோவுக்கு எதிராக 33 அடிகளைத் தடுத்து 2-1 என்று அணியைக் கரைசேர்த்தவரும் அவரே.

இந்தக் கோப்பையின் பெயரிலேயே ஒரு பாடம் இருக்கிறது. மாண்ட்ரியல் அணியின் ஜார்ஜ் வெசினா 1910 முதல் ஒரு ஆட்டத்தையும் தவறவிடாதவர். 1925 நவம்பர் 28 அன்று கடும் காய்ச்சலோடு கோலில் நின்று அங்கேயே சரிந்து விழுந்தார். காசநோய். அதற்கு மருந்தே இல்லாத காலம். நான்கு மாதத்தில், 39 வயதில், இறந்துபோனார். அவர் நினைவாக வந்த கோப்பையை வெகுகாலம் ஒரே கணக்கில்தான் கொடுத்தார்கள்: எந்த அணி குறைவாகக் கோல் விட்டதோ அதன் கோல்கீப்பருக்கு. 1981-82 சீசனிலிருந்து அதை இரண்டாகப் பிரித்தார்கள். குறைந்த கோலுக்கு வில்லியம் ஜென்னிங்ஸ் கோப்பை என்று புதிதாக ஒன்று. வெசினாவோ, அணிகளின் பொது மேலாளர்கள் ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுக்கும் ஆளுக்கு. ஒவ்வொருவரும் மூன்று பெயர் எழுத வேண்டும். முதல் பெயருக்கு 5 புள்ளி, அடுத்ததற்கு 3, மூன்றாவதற்கு 1. எண்ணிப் பார்த்துக் கொடுப்பது ஒரு பரிசு, எடைபோட்டுக் கொடுப்பது இன்னொரு பரிசு.

எடைபோடும்போது எல்லோரும் ஒத்துப்போக மாட்டார்கள். 2018 குளிர்கால ஒலிம்பிக்கில் ஜெர்மனி வெள்ளி வாங்கியது உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். இறுதி ஆட்டத்தில் 3-2 என்று முன்னே இருந்தோம். ஒரு நிமிடத்துக்கும் குறைவாக இருக்கும்போது ரஷ்ய வீரர்கள் சமன் செய்தார்கள். கூடுதல் நேரத்தில் 4-3 என்று தோற்றோம். அந்தப் போட்டியின் சிறந்த கோல்கீப்பர் என்று நடத்துனர் குழு அறிவித்தது நம் டேனி அவுஸ் டென் பிர்கனை. பத்திரிகையாளர்கள் தங்கள் நட்சத்திர அணிக்குத் தேர்ந்தெடுத்தது தங்கம் வென்ற வாசிலி கொஷெச்கினை. அதே ஆட்டங்களைப் பார்த்தவர்கள், இரண்டு பெயர்! கடைசி மூன்று ஆட்டங்களில் அவுஸ் டென் பிர்கன் காத்த கோலுக்குள் பத்து கோல்கள் போயின. எண்ணிக்கை மட்டும் பார்த்தால் அவர் பெயர் வந்திருக்காது. ஸ்வீடனையும் கனடாவையும் வெளியே அனுப்பிய அணியின் கோலில் அவர் எதையெல்லாம் சந்தித்தார் என்று பார்த்தவர்கள் அவரைச் சொன்னார்கள். எங்களுக்கும் அதுதான் சரியாகப் படுகிறது.

எங்கள் தொழிலிலும் இதே கதைதான். ஒரு வார்டில் எத்தனை பேருக்குத் தொற்று வந்தது என்று மட்டும் எண்ணினால், மூட்டு அறுவைக்கு நடந்து வந்து சேர்ந்தவர்கள் இருக்கும் வார்டுதான் எப்போதும் நல்ல பெயர் வாங்கும். சுவாசக் கருவியிலும் குழாய்களோடும் படுத்திருப்பவர்களைப் பார்க்கும் தீவிர சிகிச்சைப் பிரிவு கெட்ட பெயர் வாங்கும். அதனால் குழாய் பொருத்தியிருந்த 1000 நாட்களுக்கு எத்தனை தொற்று என்று கணக்கெடுக்கிறோம். இந்நாட்டின் விதி, தீவிர சிகிச்சையில் ஒரு நர்சுக்குப் பகலில் 2 நோயாளி, இரவில் 3 என்று வரம்பு வைத்திருப்பதும் அதே அறிவினால்தான். முன்னால் வருவது என்ன என்று தெரியாமல் கையை அளக்க முடியாது. நல்லபடியாக விடிந்த ஒரு இரவைப் பற்றி யாரும் எழுதுவதில்லை என்பது கோல்கீப்பருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

இப்போது நம் பிள்ளைகள். ஜெர்மன் பள்ளியில் மதிப்பெண்ணும் கோல் கணக்கு மாதிரித்தான், குறைவாக இருந்தால் நல்லது. பவேரியாவில் நான்காம் வகுப்பில் ஜெர்மன், கணக்கு, சூழலறிவு மூன்றின் சராசரி 2.33-க்குள் இருந்தால் கிம்னாசியும் போகலாம். வீட்டில் அம்மாவும் அப்பாவும் ஜெர்மன் பேசும் பிள்ளையும், வீட்டில் தமிழ் மட்டும் பேசி இங்கே முதல் வகுப்பிலிருந்து படிக்கும் பிள்ளையும் அதே 2.33-ஐத் தாண்ட வேண்டும். அந்த விதியை நாம் மாற்ற முடியாது. "அந்த வீட்டுப் பிள்ளை 1.7, நீ ஏன் 2.5?" என்று நம் வீட்டில் கேட்பதை மாற்ற முடியும். அந்த இரண்டு எண்களின் முன்னால் எத்தனை அடிகள் வந்தன என்று கேட்டுப் பார்த்தோமா?

சபையிலோ விதியும் நம் கையில்தான் இருக்கிறது. ஓய்வுநாள் பாடசாலை வசனப் போட்டியில், ஊரில் மூன்றாம் வகுப்பு வரை தமிழில் படித்துவிட்டு வந்த பிள்ளை நாற்பது வசனம் தடங்கலில்லாமல் சொல்லும். இங்கேயே பிறந்து, சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் எழுத்துக்கூட்டிக் கற்றுக்கொண்ட பிள்ளை பதினைந்து சொல்லும். நாம் எண்ணுகிறோம், நாற்பதுக்குக் கோப்பை, பதினைந்துக்குக் கைதட்டல். அடுத்த வருடம் அந்தப் பதினைந்து பேர் கொடுப்பதில்லை.

ஆகவே வாலிபர் ஐக்கியத்துக்கும் பரிசளிப்புக் குழுவுக்கும் எங்கள் வேண்டுகோள் இது. ஹாக்கிக்காரர்கள் செய்ததை நாமும் செய்வோம். எண்ணிக்கைக்கு ஒரு பரிசு இருக்கட்டும், நாற்பது சொன்ன பிள்ளையின் உழைப்பும் உண்மையானதே, அதைக் குறைக்க வேண்டாம். அதோடு, வாரந்தோறும் பாடம் நடத்தும் ஆசிரியர்கள் ஓட்டுப்போட்டுக் கொடுக்கும் இன்னொரு பரிசும் வேண்டும். ஒருவர் முடிவு செய்தால் "அவருக்கு வேண்டிய பிள்ளை" என்ற பேச்சு வரும். எனவே ஆசிரியர்கள் எல்லோரும் ஆளுக்கு மூன்று பெயர் எழுதட்டும், 5, 3, 1 என்று கூட்டிக்கொள்ளலாம். யாருக்கு, எதற்காக என்று மேடையில் இரண்டு வாக்கியம் சொல்லிவிட்டுக் கொடுக்கட்டும்.

இதில் உங்களுக்கு வேறு கருத்து இருந்தால் எழுதுங்கள். குரூபாவர் கட்சிக்காரர்களும் எழுதலாம், ஆனால் நான்காவது எண்ணுக்குப் பதில் சொல்லிவிட்டு எழுதுங்கள்.