மணிமுத்தாற்றின் வழியே கடலுக்கு

விருத்தாசலம் என்றவுடன் நம்மில் பலருக்கு இரண்டு நினைவுகளே எழும். ஒன்று, பல திசைகளிலிருந்தும் வந்து கூடும் இருப்புப்பாதைச் சந்திப்பு. மற்றொன்று பீங்கான். நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியை மூடிக்கிடக்கும் வெண்களிமண்ணுக்கு இவ்வூர்ச் சூளைகளிலேயே உருவம் கிடைத்தது. நம் வீட்டு மின்பலகையில் இருந்த வெள்ளை நிற ஃபியூஸ் கட்டையும், கொலுப்படியிலும் கார்த்திகைத் திண்ணையிலும் வைக்கும் பொம்மையும் அகலும் இங்கிருந்து வந்தவையாக இருக்கக்கூடும். இவ்வூரை மூன்றாவது விதமாகவும் நினைக்கலாம் என்பதே இம்மாதம் நாம் சொல்ல வந்தது. மிதிவண்டியில் கடலுக்குப் புறப்படுவோர்க்கு இதைவிட நல்ல தொடக்கம் நடுநாட்டில் அரிது.

இதனை இப்போது சொல்வதற்குக் காரணம் உண்டு. அரசு தரும் விலையில்லா மிதிவண்டி, இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆதிதிராவிட, பழங்குடி மாணவியர்க்கென ஏற்பட்டு, 2005-க்குப் பின் அரசுப் பள்ளிகளிலும் உதவிபெறும் பள்ளிகளிலும் பயிலும் மேல்நிலை மாணவர் அனைவர்க்கும் விரிந்தது. ஆகவே நம் குடும்பங்களில் ஒரு மிதிவண்டியேனும் இல்லாத வீடு குறைவு. ஆனால் அது போகும் தூரம் எவ்வளவு? பள்ளிக்கூடம், கடைத்தெரு, மாவரைக்கும் ஆலை, அவ்வளவே. பள்ளி முடிந்ததும் அது மாட்டுக்கொட்டகையின் சுவரில் சாய்ந்துவிடுகிறது. மணிமுத்தாற்றங்கரையில் பிறந்து வளர்ந்த பிள்ளை, அந்த ஆறு எங்கே போய்ச் சேர்கிறது என்பதைப் பாடநூலில்கூடக் காண்பதில்லை. கேட்டால், "பாலத்துக்கு அந்தப்பக்கம் போகுதுங்க" என்று விடை வரும்.

ஆற்றின் பின்னாலேயே போய்ப் பார்ப்போம். திருமுதுகுன்றம் என்னும் பழம்பெயர் கொண்ட இவ்வூரின் பழமலைநாதர் கோயிலைக் கற்றளியாக்கியவர் பத்தாம் நூற்றாண்டுச் சோழமாதேவியாராகிய செம்பியன் மாதேவியார். தரைமட்டத்திற்குக் கீழே படியிறங்கிக் காணவேண்டிய ஆழத்துப் பிள்ளையாரைப் பிள்ளைகள் மறக்கமாட்டார்கள். சுந்தரர் தமக்குக் கிடைத்த பொன்னை இங்கே மணிமுத்தாற்றில் இட்டுத் திருவாரூர்க் குளத்தில் எடுத்தார் என்பது பெரியபுராணம் கூறும் செய்தி. ஆற்றிலே போட்டுக் குளத்திலே தேடுவதாக நாம் பேச்சுவாக்கில் சொல்வதை இக்கதையோடு சேர்த்துச் சொல்வாருண்டு.

ஊரிலிருந்து தெற்கே இராசேந்திரப்பட்டினம். திருநீலகண்ட யாழ்ப்பாணர் பிறந்த எருக்கத்தம்புலியூர் இதுவே. அங்கிருந்து கிழக்கே திரும்பினால் ஸ்ரீமுஷ்ணம். முந்திரியும் நிலக்கடலையும் விளையும் செம்மண் மேட்டுநிலம் மெல்ல மெல்லக் கறுத்து வயலாக மாறுவதை, பேருந்தில் போகிறவர் உணரமாட்டார். மிதிக்கிற கால் உணரும். ஸ்ரீமுஷ்ணத்திற்கு அண்மையிலேயே மணிமுத்தாறு தன் பெயரை விட்டுவிட்டு வெள்ளாற்றோடு கலந்துவிடுகிறது. கலக்கும் இடத்திற்குக் கூடலையாற்றூர் என்று பெயர்.

இவ்வூரில் சற்று நிற்கவேண்டும். சுந்தரர் நாம் வந்த திசைக்கு எதிராக, முதுகுன்றத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார். கூடலையாற்றூரை வணங்காமலே கடந்துபோக இருந்தவர், எதிர்ப்பட்ட ஒரு வேதியரிடம் முதுகுன்றத்திற்கு வழி கேட்டார். அவரோ, இந்த வழி கூடலையாற்றூருக்குப் போகிறது என்று காட்டிச் சிறிது தூரம் உடன்வந்து மறைந்தார். வழி காட்டியவர் இறைவனே என்று சுந்தரர் பின்னர் உணர்ந்து பாடினார் என்பது வரலாறு. கேட்டது ஓர் ஊருக்கு, காட்டியது வேறோர் ஊருக்கு! இந்தப் பக்கத்துச் சிற்றூர்களில் வழி கேட்டால் இன்றும் இப்படித்தான். "கெழக்கால போங்க" என்று தொடங்குகிறவர், நீங்கள் யார், எந்த ஊர், ஏன் பேருந்தில் வரவில்லை என்று விசாரித்து, ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்து, நீங்கள் கேளாத ஒரு கோயிலையோ குளத்தையோ பார்த்துவிட்டுப் போகச் சொல்லித்தான் விடுவார். கைப்பேசியிலே வரைபடம் பார்த்துப் போகிறவர்க்கு வழி தப்பாது. ஆனால் இந்த விசாரிப்பும் கிடைக்காது. நாம் வரைபடம் வேண்டாம் என்று சொல்லவில்லை. அது பையில் இருக்கட்டும் என்கிறோம்.

ஸ்ரீமுஷ்ணத்துப் பூவராகர் கோயிலின் தூண் சிற்பங்கள் நாயக்கர் காலத்துக் கல்தச்சரின் கைவண்ணத்திற்குச் சான்று. நம் வழிக்கு அதைவிட முக்கியமான ஒன்று உண்டு. ஆண்டுதோறும் மாசி மகத்தையொட்டிப் பூவராகர் இங்கிருந்து புறப்பட்டுக் கிள்ளைக் கடற்கரைக்குத் தீர்த்தவாரிக்கு எழுந்தருளுகிறார். கிள்ளையில் உள்ள தர்காவைச் சேர்ந்த இசுலாமியப் பெருமக்கள் அவரை எதிர்கொண்டு காணிக்கை தந்து வரவேற்கின்றனர். கோயிலின் மரியாதை அவர்களுக்கும் தர்காவுக்கும் செய்யப்படுகிறது. ஒற்றுமை பற்றி மேடைதோறும் பேசுகிறோம். இங்கே அது ஆண்டுக்கொரு முறை நடந்தே போகிறது. நாம் மிதிவண்டியில் போகும் திசை, ஏற்கெனவே ஊர்வலம் போய்ப் பழகிய திசைதான்.

தெற்கே காட்டுமன்னார்கோயில். நாதமுனிகளும் ஆளவந்தாரும் தோன்றிய ஊர். வீரநாராயணபுரம் என்பது பழைய பெயர். முதற் பராந்தக சோழன் (907–955) காலத்தில் வெட்டப்பட்ட வீராணம் ஏரிக்கும் அவ்வரசனின் வீரநாராயணன் என்ற பெயரே. அதன் நீளம் இன்று ஏறத்தாழ 14 கி.மீ. லால்பேட்டைப் பக்கமிருந்து சேத்தியாத்தோப்பை நோக்கி ஏரிக்கரைச் சாலையில் செல்லும்போது இடப்புறம் கண்ணுக்கெட்டியவரை நீர். வலப்புறம் கீழே வயல். கல்கி தம் 'பொன்னியின் செல்வ'னை ஆடிப்பெருக்கு நாளில், இந்தக் கரைமேல் குதிரையில் வரும் வந்தியத்தேவனைக் கொண்டே தொடங்கினார். குதிரையின் உயரமும் மிதிவண்டி இருக்கையின் உயரமும் பெரிதும் வேறுபட்டவை அல்ல. அவன் கண்டதை நாமும் காணலாம். ஆனால் அவனுக்கு எதிரே லாரி வரவில்லை.

இந்த ஏரியின் நீரைச் சென்னைக்குக் கொண்டுபோகும் முதல் முயற்சி கைவிடப்பட்டபின், அதற்கென வார்த்த பெருங்குழாய்கள் பல ஆண்டுகள் சாலையோரம் கிடந்தன. வீடற்றோர் அவற்றினுள்ளே குடும்பம் நடத்தியதை முதியோர் நினைவில் வைத்திருப்பர். 2004-இல்தான் நீர் சென்னை சேர்ந்தது. கொள்ளிடத்தின் கீழணையிலிருந்து வடவாற்றின் வழியே வந்து நிறைவது இந்த ஏரி. ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பின் வந்தால் நிறைந்த ஏரியும் வலசைப் பறவைகளும் காணலாம்.

சேத்தியாத்தோப்பில் மீண்டும் வெள்ளாறு வந்து சேர்ந்துகொள்கிறது. இங்கிருந்து இராகவேந்திரர் பிறந்த புவனகிரி வரையுள்ள நெடுஞ்சாலையைப் பற்றி நாம் ஒளிக்காமல் எழுதவேண்டும். பெண்பிள்ளையை மிதிவண்டியில் வெளியூர் அனுப்பப் பெற்றோர் அஞ்சுவதன் முதற்காரணம் ஊர்வாய் என்று முன்பு சொல்லப்பட்டது. அந்த அச்சத்தைப் புதுக்கோட்டை மாவட்டத்தில் 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்துப் பெண்களே உடைத்தார்கள். எழுத்தோடு மிதிவண்டியையும் கற்றுக்கொண்டு ஆயிரக்கணக்கில் தெருவுக்கு வந்தார்கள். இன்றைய அச்சம் வேறு. அது நியாயமானதும் ஆகும். அரைவைக் காலத்தில் கரும்பேற்றிய டிராக்டர்கள் பின்விளக்கின்றி, கட்டுக்கு வெளியே கழிகள் நீட்டிக்கொண்டு போகும். சாலைகள் அகலமாகின்றன, மிதிவண்டிக்கென்று ஒதுக்கும் ஓரம் மட்டும் அகலமாவதில்லை. வண்டி கொடுத்த கை, அதை ஓட்ட ஓர் ஓரமும் கொடுக்கவேண்டாவா? அதுவரை வெள்ளாற்றங்கரை ஊர்களை இணைக்கும் கிளைச்சாலைகளே நமக்குரியவை. சில மைல் கூடும், உயிர் பெரிது.

பரங்கிப்பேட்டையில் வெள்ளாறு கடலைக் காண்கிறது. போர்த்துக்கீசியர் இதைப் புதுத்துறை என்னும் பொருளில் போர்ட்டோ நோவோ என்றனர். அரபு வணிகர் தொடர்பால் மகமூதுபந்தர் என்றும் பெயர். 1781 சூலை 1-ஆம் நாள் ஐதர் அலியின் படையை அயர் கூட் வென்றது இவ்வூருக்கருகே. 1830-களில் ஹீத் என்ற ஆங்கிலேயர் சேலத்து இரும்புத் தாதுவைக் கொண்டு இங்கே உருக்காலை நடத்தினார். காடுகளைக் கரியாக்கியும் அது நிலைக்கவில்லை. இன்று இங்கிருப்பது அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் ஆய்வு மையம். ஆற்றைக் கடந்து தெற்கே போனால் கிள்ளையும், சுரபுன்னைக் காடுகள் அடர்ந்த பிச்சாவரமும். 2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை வந்தபோது, இக்காட்டின் மறைவில் இருந்த குப்பங்கள் அலையின் முழு வேகத்திலிருந்து தப்பின.

சுற்றுவழி சேர்த்து ஏறத்தாழ 100 கி.மீ. ஒரே நாளில் முடிக்கவேண்டும் என்ற வீம்பு வேண்டா. காட்டுமன்னார்கோயிலில் இரவு தங்கலாம். தை, மாசியே ஏற்ற காலம். விடியுமுன் புறப்பட்டால் காற்று அடங்கியிருக்கும். முற்பகலுக்குப்பின் கடற்காற்று எழுந்து முகத்தில் அடிக்கும். திரும்பும்போது அதே காற்று முதுகைத் தள்ளும். கியர் வண்டி தேவையில்லை, பள்ளியில் கொடுத்ததே போதும். பிரேக் கட்டையை மட்டும் மாற்றிக்கொள்க. வழியெங்கும் சீமைக்கருவேல முள். ஆதலால் ஒட்டுத் துண்டும் சொல்யூஷனும் காற்றுப் பம்பும் இல்லாமல் புறப்படுவது அறிவன்று.

இவ்வளவு தூரம் இயலாதவர் முதலில் எதிர்த்திசையில், விருத்தாசலத்திலிருந்து மங்கலம்பேட்டை வழியாகக் கோணான்குப்பம் சென்று வரட்டும். போக ஏறத்தாழ 20 கி.மீ. இத்தாலியிலே 1680-இல் பிறந்து இன்றைய கேரளத்தில் உயிர்நீத்த வீரமாமுனிவர் எழுப்பிய ஆலயம் அங்கே உள்ளது. தமிழ்ப்பெண்ணின் உடையணிந்த அன்னைக்கு அவர் வைத்த பெயர் பெரியநாயகி. விருத்தாசலம் கோயிலின் அம்மைக்கும் அதே பெயர். இந்தச் செம்மண் வழிகளில் திரிந்து, ஊராரின் பேச்சைக் காதால் கேட்டவர்க்கே அப்பெயர் வாய்த்திருக்கும்.

கடலிலிருந்து திரும்புவோர் வந்த வழியே வரவேண்டியதில்லை. குறிஞ்சிப்பாடி வழியாக வடலூர் வரலாம். வள்ளலார் 1867-இல் ஏற்படுத்திய தருமச்சாலையில் அன்றுமுதல் அடுப்பு அணையவில்லை. பசித்து வருகிறவரை யார் என்று கேளாமல் இலை போடுவர். உண்டு, சற்றே கண்ணயர்ந்து, வெயில் தாழ்ந்தபின் நெய்வேலி வழியாகப் புறப்பட்டால், சூளைக்குப் போகும் வெண்களிமண் வண்டி எதுவும் முந்திச் செல்லக்கூடும். அதன் புழுதி அடங்கும்வரை ஓரமாக நின்று, பிறகு மிதிக்கலாம்.