சேற்றுக் காலும் எள்ளளவு உண்ணியும்

"பாட்டி, சேறு!" என்று அலறினான் பேரன். நாலு வயசுப் பிள்ளை, ஒரு காலைத் தூக்கிக்கொண்டு கொக்கு மாதிரி நிற்கிறான். எனக்கும் உள்ளூர அதே பயம்தான், வெளியே சொல்லவில்லை!

லண்டனில், ஈஸ்ட் ஹாமில் இருக்கும் மகள் வீட்டுக்கு ஏப்ரல் கடைசியில் போயிருந்தேன். குளிர்காலம் முழுக்க வீட்டுக்குள் அடைந்து கிடந்த குழந்தைகளை அழைத்துக்கொண்டு, பக்கத்திலுள்ள வான்ஸ்டெட் பூங்காவுக்குக் கிளம்பினோம். 1878-ல் தனிச் சட்டம் போட்டுக் காப்பாற்றிய எப்பிங் காட்டோடு சேர்ந்தது அது.

மரங்கள் தழைத்து நிழல் மூடுவதற்கு முன்பே, தரையெல்லாம் நீலப் பூவாகப் பூத்துவிடுகிறது. புளூபெல் என்று பெயர். மிதித்து இலை நசுங்கினால் செடி தேற வருஷக்கணக்கில் ஆகுமாம். அதனால் பாதையின் இருபக்கமும் கட்டைகளைப் போட்டிருக்கிறார்கள். அதைத் தாண்டக் கூடாது. பாதையிலோ, முதல் நாள் மழையில் கணுக்கால் சேறு!

பேரன் மெதுவாக ஒரு காலை வைத்தான். 'சளக்!' சிரிப்பு வந்துவிட்டது. அப்புறம் அவனைப் பிடிக்க முடியவில்லை. குதித்தான், விழுந்தான், உட்கார்ந்தேவிட்டான். நான் அதட்ட வாயெடுத்தேன்.

"விடும்மா, கழுவினால் போச்சு. என்னை நீ ஒரு நாளாவது மழைத் தண்ணியில் விட்டிருக்கியா?" என்றாள் மகள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குச் சுருக்கென்றது.

வீடு திரும்பியதும் சேற்றுத் துணியை வாளியில் முக்கப் போனேன். அதற்கும் தடை! சேறு நன்றாகக் காய்ந்தபின் பிரஷ்ஷால் தட்டிவிட்டுத் துவைத்தால் கறை பரவாதாம். ஈர பூட்ஸுக்குள் பழைய செய்தித்தாளைத் திணித்து வைத்தாள்.

குளிப்பாட்டும்போதுதான் பார்த்தோம். பேரனின் முழங்கால் மடிப்பில் எள் மாதிரி ஒரு கறுப்புப் புள்ளி. உண்ணி! புல்லோரம் உட்கார்ந்து பிஸ்கட் தின்றபோது ஏறியிருக்க வேண்டும். என் கை தானாகத் தேங்காயெண்ணெய்ப் புட்டிக்குப் போயிற்று.

"வேண்டாம்மா! எண்ணெய் வைத்தாலும், சூடு காட்டினாலும் அது வயிற்றில் இருப்பதைக் கக்கிவிடும். கிருமி இருந்தால் உள்ளே போய்விடும்" என்றாள். நுனி மெல்லிய இடுக்கியால் தோலை ஒட்டினாற்போல் பிடித்து, நசுக்காமல், திருகாமல், நேராக மெல்ல இழுத்தாள். வந்துவிட்டது. கடிவாயைச் சுத்தம் செய்து மருந்து தடவினாள். காலண்டரில் தேதியைக் குறித்தாள்.

எதற்கு என்றேன். எல்லா உண்ணியிலும் கிருமி இருப்பதில்லை. இருந்தால் 'லைம்' என்ற நோய் வரலாம். கடித்த இடத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம் பரவும். பெரும்பாலும் 4 வாரத்துக்குள் தெரியும். சிலருக்கு 3 மாதம்கூட ஆகலாம். காய்ச்சல், உடம்பு வலியும் வரலாம். உடனே டாக்டரிடம் காட்டினால் மருந்தில் குணமாகிவிடும். தினமும் அந்த இடத்தைப் பார்த்தேன். நல்லவேளை, ஒன்றுமில்லை.

நம் ஊரிலும் புதரோரச் சிறு பூச்சிகள் கடித்து 'ஸ்க்ரப் டைஃபஸ்' காய்ச்சல் வருகிறது. காய்ச்சலோடு, சிகரெட் சுட்டது மாதிரிக் கருகிய புண் உடம்பில் எங்காவது இருந்தால், தாமதிக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

அதற்காகப் பிள்ளைகளை வீட்டில் பூட்டி வைக்காதீர்கள், சகோதரிகளே! விளையாட விடுங்கள். திரும்பி வந்ததும் காதுமடல், தலைமுடி ஓரம், அக்குள், இடுப்பு, முழங்கால் மடிப்பு எல்லாம் ஒருமுறை பாருங்கள்.

இதை என் மகளிடம் நான் கற்றுக்கொண்டேன். கொஞ்சம் தாமதம்தான்!