தூர்ந்த இடத்தில் தோள் கொடுப்போம்

இரணியலுக்குத் தெற்கே மண்டைக்காடு வரை ஒரு காலத்தில் வள்ளம் ஓடியது. திருவனந்தபுரத்தையும் கன்னியாகுமரியையும் நீர்வழியே சேர்க்க 1860-இல் தொடங்கிய ஏ.வி.எம். சானல் பாதியில் நின்றது. வெட்டியதிலும் பெரும்பகுதி இன்று தூர்ந்தும் ஆக்கிரமிக்கப்பட்டும் கிடக்கிறது. பூவாறு முதல் இரையுமன்துறை வரையுள்ள 11 கி.மீ. மட்டும் 2016-இல் தேசிய நீர்வழி 13 ஆனது.

மீண்டும் படகு விட, முழுவதும் தூர்வாரட்டும் என்று காத்திருப்பது வீண். திருவனந்தபுரத்துக்கு வடக்கே வர்க்கலைக் குன்று நீர்வழியை மறித்த நாளில், சுரங்கக் கால்வாய் வரும்வரை, பயணிகள் இறங்கி நடந்தார்கள். சரக்கு தலைச்சுமையாகப் போய் மறுபக்கம் வள்ளம் ஏறியது. கனடாவில் இன்றும் ஏரிக்கு ஏரி சிறுபடகையே தோளில் சுமக்கிறார்கள். எங்கே கரையேறுவது, மேடு எவ்வளவு, பாதை யார் நிலத்தில் போகிறது என்பதை வரைபடத்தில் பார்த்துக்கொண்டுதான் புறப்படுகிறார்கள். நமக்கும் அந்த வரைபடம்தான் முதலில் வேண்டும். அடைபட்ட ஒவ்வொரு இடத்திலும் சரிவான படித்துறை, இருவர் படகு தூக்கிச் செல்லும் அகலத்தில் பொதுப்பாதை. தேங்காய்ப்பட்டணம் பொழிமுகத்தில் மட்டும் துணியக் கூடாது: ஆறும் கடலும் மோதும் அந்த இடத்தில், தூரம் கூடினாலும் கரைவழியே சுமப்பதுதான் உயிருக்குப் பாதுகாப்பு. ஊராட்சிகள் இந்த வரைபடத்துக்கான அளவெடுப்பைக் கோடையிலேயே தொடங்கலாம்.