தவணை தீர்ந்த வண்டிதான் சோறு போடும்!

"குட்டி யானை" என்றால் தெரியாதவர் இல்லை. காய்கறி மூட்டை ஆனாலும், கல்யாணப் பந்தல் சாமான் ஆனாலும், வீடு மாற்றும் குடும்பத்தின் கட்டிலும் பீரோவும் ஆனாலும், ஏற்றிக்கொண்டு சந்து பொந்தெல்லாம் போய் வரும் சிறிய லாரி அது.

டாட்டா ஏஸ் என்ற இந்த வண்டி 2005-ம் ஆண்டு விற்பனைக்கு வந்தது. டீசல் என்ஜின். இரண்டே சிலிண்டர். 16 குதிரை சக்தி. முக்கால் டன் சுமை ஏற்றலாம். "கூலிக்கு வண்டி ஓட்டுகிறவனும் ஒருநாள் முதலாளி ஆகலாம்" என்ற நம்பிக்கையைப் பல வீடுகளுக்குக் கொடுத்த வண்டி இது.

கடன் வாங்கி வண்டி எடுத்தவர்கள் பலர். வாடகையில் பெரும்பகுதி மாதத் தவணைக்கே போய்விடும். தவணை தீர்ந்த பிறகுதான் சம்பாதிப்பது முழுதும் வீட்டுக்கு வரும்.

ஆனால், என்ன நடக்கிறது?

தவணை தீரும்போது வண்டி பழசாகிவிடுகிறது. "கிழட்டு வண்டிதானே! ஓடும் மட்டும் ஓடட்டும்" என்று விட்டுவிடுகிறார்கள். பலன் கொடுக்கப்போகும் நேரத்தில் மரத்துக்குத் தண்ணீர் ஊற்றாமல் விடுவது போன்றது இது!

பத்து நிமிடம் போதும்

இந்த வண்டியின் என்ஜின் டிரைவர் சீட்டுக்கு அடியில் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாததால் அதைப் பலர் மறந்தே போகிறார்கள்.

காலையில் புறப்படும் முன், வண்டியைச் சமதரையில் நிறுத்தி, ஆயில் அளவுக் கம்பியை எடுத்துத் துடைத்து, மறுபடி விட்டுப் பார்க்க வேண்டும். ஆயில் இரண்டு கோடுகளுக்கும் நடுவே இருந்தால் சரி. குறைந்திருந்தால் உடனே ஊற்ற வேண்டும். ஆயில் பால் கலந்த காபி போல் இருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது என்று பொருள். அந்த வண்டியை ஓட்டக்கூடாது.

அடுத்தது ரேடியேட்டர். போர் தண்ணீரை ஊற்றினால் உப்புப் படிந்து குழாய்கள் அடைத்துக்கொள்ளும். கூலன்ட் ஊற்றுவதே நல்லது. என்ஜின் சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கவே கூடாது. கொதிக்கும் நீர் பீறிட்டு முகத்தில் அடிக்கும்.

பிறகு டயர். பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லி மீட்டருக்குக் குறையக்கூடாது என்பது சட்டம். வழவழப்பான டயர் மழையில் வழுக்கும். காற்றை டயர் சூடாகும் முன்பே பார்க்க வேண்டும்.

கடைசியாக, வண்டி நின்ற இடத்தைக் குனிந்து பார்க்க வேண்டும். தரையில் ஆயில் சொட்டியிருந்தால், எங்கோ கசிவு இருக்கிறது.

இதற்கெல்லாம் காசு செலவில்லை. கண் இருந்தால் போதும்.

புகை சொல்லும் சேதி

வண்டிக்கு வாய் இல்லை. ஆனால், புகை பேசும்.

கறுப்புப் புகை வந்தால், டீசல் சரியாக எரியவில்லை. தூசி அடைத்த ஏர் பில்டரை முதலில் பார்க்கலாம். நீலப் புகை வந்தால், என்ஜின் ஆயிலும் சேர்ந்து எரிகிறது. என்ஜின் சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்காவிட்டால், தண்ணீர் உள்ளே இறங்கியிருக்கலாம். ஆரம்பத்திலேயே மெக்கானிக்கிடம் காட்டினால் சிறு செலவோடு போகும். ஆறு மாதம் தள்ளிப்போட்டால் என்ஜினையே பிரிக்க வேண்டி வரும்.

பிரேக்கில் மிச்சம் வேண்டாம்

சில செலவுகளை ஒரு வாரம் தள்ளிப்போடலாம். பெயின்ட் காத்திருக்கும். கதவுக் கண்ணாடி காத்திருக்கும். பிரேக் காத்திருக்காது!

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஈரம் ஏறிய ஆயில் சீக்கிரம் கொதிக்கும். மலைப்பாதையில் சுமையோடு இறங்கும்போது, மிதித்த பிரேக் பிடிக்காமல் போகும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை அதை மாற்றுவது நல்லது.

முக்கால் டன் வண்டியில் ஒன்றரை டன் ஏற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். ஒரு நடையில் 2 நடை வாடகை கிடைக்கிறது என்று மகிழ்கிறார்கள். ஸ்பிரிங் பட்டையும், டயரும், பிரேக்கும் அந்த லாபத்தை வட்டியோடு திருப்பி வாங்கிக்கொள்ளும். போகும் உயிரை யார் திருப்பித் தருவது?

பழுதைத் தானே பார்ப்பவர்களும் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் படுக்கக்கூடாது. சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, உறுதியான ஸ்டாண்டு வைத்த பிறகே உள்ளே போக வேண்டும். பில்டர் மாற்றுவது, பேட்டரி முனையைச் சுத்தம் செய்வது போன்றவை வீட்டு வேலை. பிரேக்கும் ஸ்டியரிங்கும் மெக்கானிக் வேலை.

எப்.சி.க்கு மட்டும் அலங்காரமா?

சரக்கு வண்டிக்கு 8 ஆண்டு வரை 2 ஆண்டுக்கு ஒருமுறை எப்.சி. என்ற தகுதிச் சான்று வாங்க வேண்டும். அதன் பிறகு ஆண்டுதோறும் வாங்க வேண்டும். அந்த நாள் வந்ததும் பெயின்ட் அடித்து, விளக்கு மாட்டி, மணப்பெண் போல் அழைத்துப்போகிறார்கள். மறுநாளே மறந்துவிடுகிறார்கள். ஆண்டில் ஒரு நாள் வண்டி நன்றாக இருந்தால் போதுமா? மீதி 364 நாளும் அது சாலையில்தானே ஓடுகிறது?

காசுக்கு எங்கே போவது?

"வாடகையே சரியாக இல்லை. இதில் வண்டிக்கு வேறு செலவா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான்.

தவணை கட்டிய காலத்தில் எப்படியோ பணம் புரட்டினார்கள் அல்லவா? தவணை தீர்ந்த பிறகு, அதில் ஒரு சிறு பங்கை மாதந்தோறும் வண்டிக்கென்று தனியே எடுத்து வைக்கலாம். அதை வேறு செலவுக்குத் தொடக்கூடாது.

ஒரு நோட்டுப் புத்தகமும் வேண்டும். ஆயில் மாற்றிய தேதி, அப்போது ஓடியிருந்த கிலோ மீட்டர், மாற்றிய சாமான், கொடுத்த பணம் எல்லாவற்றையும் அதில் எழுத வேண்டும். எழுதும் வேலையைப் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையிடம் கொடுக்கலாம். வீட்டுக்கு வரும் அரிசியும், தன் பள்ளிக் கட்டணமும் எந்த வண்டியில் வருகின்றன என்பது அந்தப் பிள்ளைக்கும் தெரியட்டும்.

செலவுக் கணக்கு வண்டியின் வருமானத்தையே விழுங்கும் நாள் வந்தால், அப்போது விற்றுவிடலாம். அதையும் அந்த நோட்டே சொல்லிவிடும். அதுவரை, கடன் இல்லாத பழைய வண்டியைப் போல் குடும்பத்துக்குத் துணை வேறில்லை. அதைப் பட்டினி போட்டால், பட்டினி வீட்டுக்குத்தான் வரும்!