திசைக்குப் பெயர் வைத்தால் போதுமா?

தில்லி மெட்ரோவில் வழி தவறி நிற்பவரைக் கண்டால், "பலகைதான் இருக்கிறதே, படித்துப் பார்க்கக் கூடாதா?" என்று கேட்பது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. நான் இதை மறுக்கிறேன். அந்தப் பலகை, ஊரை முன்பே அறிந்தவருக்காக எழுதப்பட்டது.

மஞ்சள் தடத்தைப் பாருங்கள். அங்கே திசையைக் குறிப்பது கடைசி நிலையத்தின் பெயர். வட முனை 2004 டிசம்பரில் விஸ்வவித்யாலயா, 2009இல் ஜகாங்கீர்புரி, 2015இல் சமய்பூர் பாத்லி. தென் முனையில் இருந்த ஹுடா சிட்டி சென்டரோ, தண்டவாளம் ஓரடிகூட நீளாமலே 2023இல் பெயர் மாறியது. திசைகள் நகரவில்லை, அவற்றைக் குறித்த சொற்களே மாறிக்கொண்டிருந்தன.

இலக்கணம் இடுகுறிப்பெயர் என்று ஒரு வகையைச் சொல்கிறது. அதற்குக் காரணம் கேட்க இயலாது. வழக்கத்தால்தான் அறிய வேண்டும். நேற்றிரவு ரயிலில் வந்திறங்கிய தொழிலாளிக்கு அந்த வழக்கம் எங்கிருந்து வரும்? அவர் ராஜீவ் சௌக்கிலிருந்து ஆசாத்பூர் மண்டிக்குப் போக வேண்டும். தலைக்கு மேலுள்ள பலகை 'சமய்பூர் பாத்லி' என்கிறது. ஆசாத்பூர் அந்தப் பக்கம்தான் என்று தெரிந்தவருக்கே அது வழிகாட்டும். இந்தியும் ஆங்கிலமும் வாசிக்க அறியாதவருக்கு அதுவும் இல்லை.

சந்திப்பு நிலையங்களின் தரையில் வண்ணப் பாதச்சுவடுகள் உண்டே என்பார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அவை தடம்வரைதான் அழைத்துச் செல்கின்றன. எந்தத் திசை வண்டியில் ஏறுவது என்று சொல்வதில்லை. யாரையாவது கேட்கலாமே என்பார்கள். எந்த மொழியில் கேட்பது என்பதே பலருக்கும் முதல் தடை.

மெக்சிகோ நகர மெட்ரோ 1969இல் தொடங்கியபோதே ஒவ்வொரு நிலையத்துக்கும் ஓர் உருவம் தந்தது. லான்ஸ் வைமன் வடிவமைத்த அவ்வரிசையில் சபுல்தெபெக் நிலையத்துக்கு வெட்டுக்கிளி. அப்பெயரின் பொருளே வெட்டுக்கிளிக் குன்று. எழுத்தறியாதவரும் வெட்டுக்கிளியைத் தேடி இறங்கலாம். டோக்கியோ 2004இல் நிலையங்களுக்கு வரிசை எண் இட்டது. எண் ஏறினால் ஒரு திசை, இறங்கினால் மறுதிசை. கடைசி ஊரின் பெயர் அறிய வேண்டிய தேவையே இல்லை.

பெயர்களை நீக்கச் சொல்லவில்லை. திசைப் பலகையில் பெயருக்குப் பக்கத்தில் எண்ணும் உருவமும் வரட்டும். அதுவரை, வழி தவறியவரைப் பார்த்து "படிக்கத் தெரியாதா?" என்று கேட்பதை மொழியியல் பயின்ற நாமாவது நிறுத்திக்கொள்வோம்.