புளித்த பாலும் குளிர்காலச் சளியும்

டில்லிக் குளிர் தொடங்கிவிட்டது. குழந்தைகளுக்குச் சளி வாராதிருக்கப் புட்டியில் விற்கும் புளித்த பால் வாங்கலாமா என்று நம் சங்கத்துத் தாய்மார் சிலர் வினவுகின்றனர்.

இந்நம்பிக்கைக்கு வித்திட்டவர் ருஷ்ய விஞ்ஞானி மெச்னிகாவ். வெள்ளணுக்கள் கிருமிகளை விழுங்குவதைக் கண்டறிந்து 1908-இல் நோபல் பரிசு பெற்றவர். பல்கேரியக் குடியானவரின் நீண்ட ஆயுளுக்குத் தயிரே காரணமெனக் கருதித் தாமும் புளித்த பால் அருந்திவந்தார். 1916-இல், 71-ஆம் வயதில் காலமானார். (நம் பாட்டிமார் பலர் அவரை வென்றிருக்கின்றனர்!)

உடலின் காவல் அணுக்களில் பெரும்பகுதி குடலை அண்டியே உறைகின்றன. இரைப்பையின் அமிலத்திற்குத் தப்பிய நுண்ணுயிர்கள் குடல்வழிச் செல்லுகையில் அக்காவலரைச் சற்றே உசுப்பக்கூடும். ஆயினும் அவை பெரும்பாலும் வழிப்போக்கர்களே. அருந்துவதை நிறுத்தினால் சில நாட்களில் அகன்றுவிடும். ஒருவகை நுண்ணுயிரின் குணம் மற்றொன்றிற்கு வாராது.

2010-இல் அமெரிக்காவில் டானன் கம்பெனி, தன் பானம் சளியைத் தடுக்கும் என்ற விளம்பரத்திற்குப் போதிய சான்றில்லை என்று அரசு குற்றஞ்சாட்டியதன்பேரில், 39 மாநிலங்களுக்கு 2 கோடியே 10 லட்சம் டாலர் செலுத்த இசைந்தது.

ஆகவே சளிக்கென்று புட்டி வாங்குவது வீண்செலவே. பலவற்றில் சர்க்கரையும் மிகுதி. புற்றுநோய்ச் சிகிச்சை பெறுவோர் மருத்துவரைக் கேளாமல் அருந்தலாகாது. வீட்டுத் தயிர் குளிரில் உறையாவிடில், உறைமோரைச் சற்றுக் கூட்டி, பாத்திரத்தைக் கம்பளியில் சுற்றி வையுங்கள்.